கிளவுட் ஏபிஐ அனுமதிகள்: நெல்லைச் சீமையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்துச் சிறு நிறுவனங்கள் சிலவற்றின் கிளவுட் கணக்குகளை, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினி, சேமிப்பகக் கணக்குகளைப் பராமரித்து வருகிறேன். பணகுடிப் பக்கம் காற்றாலை அளவீடுகளைச் சேகரிப்பவர்கள், அல்வாவை வெளியூர்களுக்கு அனுப்பும் கடைக்காரர், அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் கருவி நட்டு மண்ணின் ஈரத்தை அளக்கும் இளைஞர்கள் என்று தொழில்கள் வேறு வேறு. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற குழப்பம் மட்டும் எல்லாரிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை சொல்லும் வாசலுக்குப் பெயர் ஏபிஐ. கிளவுட்டில் நடப்பதெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் பின்னால் போவது ஏபிஐ அழைப்புதான். ஆகவே ஏபிஐ அனுமதியைச் சரியாக வைத்தால் கணக்கு முழுவதையும் சரியாக வைத்ததாகும். அந்த வாசலில் அழைப்பவர் யார் என்று காட்டும் ரகசியக் குறியீட்டைச் சாவி என்கிறோம்.

எங்கள் அலுவலகத்தில் ஐந்தே பேர். எல்லாரும் தெரிந்த பிள்ளைகள். ஒரே சாவியை எல்லாரும் வைத்துக்கொண்டால் என்ன?

இதைக் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். தனிச் சாவி கொடுத்தால் பிள்ளைகளைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்று தயங்குகிறார்கள். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை இரவு அவர்களுடைய சேமிப்பகத்தில் ஏழு மாத அளவீடுகள் அழிந்துபோயின. ஒரே பயனர் பெயர், ஒரே சாவி. அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து ஐவரும் பயன்படுத்தி வந்தார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஐந்து பேருக்கும் பொதுவான அந்தப் பெயர்தான் இருந்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் இருபத்திரண்டு வயதுப் பையன். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் பார்வையும் அவன் மேல்தான் போனது. பத்து நாளில் அவன் வேலையை விட்டுவிட்டான். ஆறு வாரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. இன்னொருவருடைய பழைய மடிக்கணினியில், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எப்போதோ எழுதிய நிரல் ஒன்று வாரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது அழித்திருக்கிறது.

அந்தப் பையனுக்குத் தனிச் சாவி இருந்திருந்தால், படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தால், அன்று காலையிலேயே அவன் தலைநிமிர்ந்து நின்றிருப்பான். குறைந்த அனுமதி முதலில் காப்பாற்றுவது அதைக் கையில் வைத்திருப்பவரைத்தான். இந்தப் பக்கத்தில் வேறெது மறந்தாலும் இது மறக்க வேண்டாம். கோயில் உண்டியலை ஊரார் முன்னிலையில் திறக்கிறார்கள். எண்ணுகிறவர் மேல் பிறகு ஒரு சொல் விழக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

401, 403 என்று இரண்டு விதமாகப் பிழை வருகிறது. என்ன வேறுபாடு?

401 வந்தால் நீங்கள் யார் என்பதே அங்கே தெரியவில்லை. சாவி தவறு, அல்லது டோக்கன் (குறித்த நேரம் வரை மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு) காலாவதியாகிவிட்டது. 403 வந்தால் நீங்கள் யார் என்று நன்றாகத் தெரிகிறது. அந்த வேலைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. முதலாவது அடையாளச் சரிபார்ப்பு, இரண்டாவது அனுமதி. 403 வரும்போது சாவியை மாற்றி மாற்றிப் போட்டு அரை நாளை வீணாக்குபவர்கள் நிறைய. சாவியைத் தொட வேண்டாம், அனுமதிகளை எழுதிவைத்த கொள்கை ஆவணத்தைப் பாருங்கள். அமேசானில் மட்டும் ஒரு விலக்கு: அங்கே பல சேவைகள் தவறான சாவிக்கும் 403 தான் தரும். ஆகவே எண்ணோடு வரும் பிழைச் செய்தியையும் படியுங்கள்.

பயனர், குழு, ரோல் மூன்றையும் எப்படிப் பிரித்துக்கொள்வது?

பயனர் ஓர் ஆள். குழு ஒரே வேலை செய்யும் ஆட்களின் கூட்டம். ரோல் என்பது வேலைக்காக மாட்டிக்கொண்டு, முடிந்ததும் கழற்றிவைக்கும் சட்டை போன்றது. அதை ஆளும் மாட்டலாம், நிரலும் மாட்டலாம். அமேசானின் கிளவுட்டில் ரோலுக்கு இந்தப் பொருள்தான். கூகுளிலும் மைக்ரோசாஃப்டின் அஸூரிலும் ரோல் என்றால் அனுமதிகளின் கட்டு. ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குவதால், ஆவணங்களைப் படிக்கும்போது எந்த நிறுவனத்தின் ஆவணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொள்கை ஆவணத்துக்குள் என்னதான் எழுதியிருக்கிறது? பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பாலிசி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அமேசானில் இது ஜேசான் என்ற உரை வடிவில் எழுதப்பட்ட சிறு ஆவணம். நான்கு பகுதிகளைப் பார்த்தால் போதும். விளைவு: அனுமதியா, மறுப்பா. செயல்: படிப்பதா, எழுதுவதா, அழிப்பதா. வளம்: எந்தச் சேமிப்பகம், எந்தக் கோப்புறை. நிபந்தனை: எப்போது, எங்கிருந்து, எந்தச் சூழலில். ஆவணத்தை ஒரு வளத்தின் மேலேயே ஒட்டினால், யாருக்கு என்ற ஐந்தாவது பகுதியும் சேரும்.

படிக்கும் முறை எளிது. எதுவும் எழுதாவிட்டால் எல்லாம் மறுப்பு. அனுமதி என்று எழுதினால் அந்த அளவுக்குத் திறக்கும். மறுப்பு என்று வெளிப்படையாக எழுதிவிட்டால், பத்து இடத்தில் அனுமதி இருந்தாலும் மறுப்புதான் நிற்கும்.

ஈரம் அளக்கும் இளைஞர்களுக்கு நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சி வயலில் இருக்கும் கருவி, கல்லிடைக்குறிச்சி என்ற கோப்புறைக்குள் மட்டும் எழுதலாம். பட்டியலைப் பார்க்க முடியாது, படிக்க முடியாது, அழிக்க முடியாது. யாராவது கருவியைப் பிடுங்கிக்கொண்டு போய் உள்ளிருக்கும் சாவியை எடுத்தாலும், அவர்களால் பக்கத்து ஊர்த் தரவைப் பார்க்க இயலாது.

இதில் நானே முதலில் கவனிக்கத் தவறிய ஒரு நுணுக்கம் உண்டு. அமேசான் சேமிப்பகத்தில் எழுதும் அனுமதி என்றால் பழைய கோப்பின் மேல் எழுதுவதும் அதில் அடங்கும். அழிக்க அனுமதி இல்லாத கருவிகூட, அதே பெயரில் வெற்றுக் கோப்பை அனுப்பிப் பழையதை மறைத்துவிடலாம். பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கிவைத்தால் பழையது பத்திரமாக இருக்கும். கூகுளில் கோப்பை உருவாக்க மட்டும் உரிமை தரும் ரோல் இருக்கிறது. அதைப் பெற்றவர் ஏற்கெனவே இருப்பதை மாற்ற முடியாது.

அனுமதி சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் சேமிப்பகத்தின் பட்டியல் வரவில்லையே?

பத்தில் ஐந்து பேர் விழும் குழி இது. அமேசான் சேமிப்பகத்தில் கோப்புகளை இட்டுவைக்கும் கலத்துக்குப் பக்கெட் என்று பெயர். பட்டியலைப் பார்க்கும் அனுமதி பக்கெட்டுக்கு உரியது. கோப்பை எடுக்கும் அனுமதி பக்கெட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு உரியது. முதலாவதற்குப் பக்கெட்டின் பெயரை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவதற்குப் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் ஒன்று வேலை செய்யும், ஒன்று செய்யாது.

கூகுளில் இன்னொரு காரணமும் இருக்கலாம். அனுமதியை மாற்றினால் அது எங்கும் பரவ வழக்கமாக 2 நிமிடம் ஆகும். சில வேளை 7 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

செயலிலும் வளத்திலும் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாமே உடனே வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேவைக்கு மேல் ஓர் அனுமதியும் வேண்டாம் என்ற கோட்பாட்டை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975 லேயே எழுதிவிட்டார்கள். அதை மீறினால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி 2019 இல் பார்த்தது. அவர்களுடைய இணையத் தடுப்பு நிரல் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. ஊடுருவியவர் அதை ஏமாற்றி, அந்த இயந்திரத்தின் ரோலுக்கு உரிய தற்காலிகச் சாவியைப் பெற்றுவிட்டார். அந்த ரோலுக்குச் சேமிப்பகங்களைப் பட்டியலிட்டுப் படிக்கும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் வெளியே போயின. 2020 இல் 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

வாசலில் நிற்கும் தடுப்பு நிரலுக்கு உள்ளறைப் பெட்டகத்தைப் படிக்கும் அனுமதி எதற்கு? அந்த ஒரு கேள்வியை யாராவது முன்பே கேட்டிருந்தால், அமைப்பில் இருந்த பிழை வெறும் பிழையாகவே முடிந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது விரிந்த அனுமதி வைத்து முயன்று பார்ப்பது மனித இயல்பு. சோதனைக் கணக்கில் செய்யுங்கள். நிரல் என்னென்ன அழைப்புகளை உண்மையில் செய்தது என்று பதிவேட்டில் எடுத்து, அவற்றை மட்டும் எழுதி, உண்மைக் கணக்குக்குக் கொண்டுபோங்கள்.

அமேசான், கூகுள், அஸூர் மூன்றிலும் விதி ஒன்றுதானா?

எண்ணம் ஒன்று, ஓட்டம் வேறு.

கூகுளில் நிறுவனம், கோப்புறை, திட்டப்பணி, வளம் என்று மேலிருந்து கீழே அடுக்குகள். மேலே கொடுத்த அனுமதி கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பாயும். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கன்னடியன் கால்வாயின் தலைப்பில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை வரை வரத்தான் செய்யும். வேண்டாம் என்றால் நடுவில் ஒரு மடையை அடைக்க வேண்டும். அந்த அடைப்புக்குக் கூகுளில் மறுப்புக் கொள்கை என்று பெயர். கீழ் அடுக்கில் போய் ஒருவருடைய பெயரைத் தேடி நீக்கப் பார்த்தால் அங்கே அந்தப் பெயரே இருக்காது. மேலிருந்து வருகிற அனுமதி அது.

அஸூரிலும் நான்கு அடுக்குகள்தான்: மேலாண்மைக் குழு, சந்தா, வளக் குழு, வளம். ஒருவருக்கு இரண்டு இடத்தில் ரோல் இருந்தால் இரண்டும் கூடும். சந்தா முழுவதற்கும் பங்களிப்பாளர் என்று கொடுத்துவிட்டு, ஒரு வளத்தில் மட்டும் வாசகர் என்று எழுதினால் அனுமதி குறையாது. நிறையப் பேர் குறையும் என்று நம்பி ஏமாறுகிறார்கள்.

அமேசானில் கணக்கே பெரிய வேலி. ஆகவே அங்கே தனித்தனிக் கணக்குகளாகப் பிரிப்பது நல்லது.

கூகுளில் உரிமையாளர், திருத்துநர், பார்வையாளர் என்ற மூன்று அடிப்படை ரோல்கள் கண்ணில் முதலில் படும். திருத்துநர் என்ற பெயர் சாதுவாகத் தோன்றினாலும், அது திட்டப்பணியில் பெரும்பாலான வளங்களை மாற்றவும் அழிக்கவும் உரிமை தரும். வேலைக்கென்று வகுத்த குறுகிய ரோல்களைத் தேடி எடுங்கள்.

எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கை முதலாளி கைப்பேசியில் வைத்திருக்கிறார். அது போதும்தானே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி கரை மீறியது. நெல்லைச் சந்திப்புப் பகுதி நீரில் நின்றது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நாட்கள். ஆற்றை ஒட்டிக் குடியிருந்த ஒருவர் தம் நிறுவனத்தின் ரூட் கணக்குக்கு உரிய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தம் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தார். அந்தக் கைப்பேசி தண்ணீரில் போனது. மீட்புக்குக் கொடுத்திருந்த எண்ணும் அதே கைப்பேசியில் இருந்த சிம்தான். வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய நாட்களில் அவர்களால் தங்கள் கணக்கிற்குள் நுழைய முடியவில்லை. ஒன்பது நாள் ஆனது.

அமேசானில் 2022 நவம்பர் முதல் ஒரு ரூட் கணக்குக்கு எட்டு சரிபார்ப்புச் சாதனங்கள் வரை பதியலாம். இரண்டு வன்பொருள் சாவிகளாவது (கணினியில் செருகும் சிறு கருவிகள்) பதியுங்கள். ஒன்று பாளையங்கோட்டையில் இருந்தால் இன்னொன்று தென்காசியிலோ நாகர்கோவிலிலோ நம்பகமானவர் பீரோவில் இருக்கட்டும். ரூட் கணக்கின் மின்னஞ்சல் தனி ஆளுடையதாக இருக்கக்கூடாது. நிறுவனத்துக்கென்று ஒரு முகவரி வேண்டும். ரூட் கணக்குக்கு ஏபிஐ சாவி இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கைத் திறக்கவே கூடாது. ஆபத்து வேளைக்கென்று நிர்வாகப் பயனர் ஒருவரைத் தனியே உருவாக்கி, அந்தக் கடவுச்சொல்லை உறையில் இட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்துச் சோதித்து, புதிய கடவுச்சொல்லோடு மறுபடி ஒட்டுவோம்.

நிரலுக்குச் சாவி தேவை. அதை எங்கே வைப்பது?

முடிந்தவரை வைக்காதீர்கள்.

நிரல் கிளவுட்டுக்குள்ளேயே ஓடுகிறதா? அந்த இயந்திரத்துக்கு ரோலைக் கொடுத்துவிடுங்கள். தற்காலிகச் சாவி தானாக வரும், தானாகக் காலாவதியாகும். அமேசானில் ஏபிஐ அழைப்பு வழியாகக் கேட்டு மாட்டும் ரோலின் காலம் வழக்கமாக 1 மணி நேரம். நீட்டினால் 12 மணி நேரம் வரை வைக்கலாம். அஸூரில் இதற்கு நிர்வகிக்கப்பட்ட அடையாளம் என்றும், கூகுளில் சேவைக் கணக்கு என்றும் பெயர். ரேஷன் கடையில் அன்றைக்குக் கொடுத்த டோக்கன் அடுத்த மாதம் செல்லாது அல்லவா? அதே ஏற்பாடுதான். வெளியே இருக்கும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற இடத்திலிருந்து நிரலை ஏற்றுபவர்களுக்கும் அடையாளக் கூட்டிணைப்பு என்ற வழி இருக்கிறது. அங்கேயும் நிரந்தரச் சாவி தேவையில்லை. 2024 மே 3 முதல் புதிதாகத் தொடங்கப்படும் கூகுள் நிறுவனக் கணக்குகளில், சேவைக் கணக்குச் சாவி உருவாக்குவதையே இயல்பாக மறுத்து வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

கையில் இருப்பது எந்த வகை என்று அமேசானில் பார்த்தவுடன் சொல்லலாம். ஏகேஐஏ என்று தொடங்கினால் நிரந்தரச் சாவி. ஏஎஸ்ஐஏ என்று தொடங்கினால் தற்காலிகம்.

நிரந்தரச் சாவி தவிர்க்க முடியாததாக இருந்தால், நிரலின் உள்ளே எழுதாதீர்கள். ரகசியங்களைக் காக்கும் சேவையில் வையுங்கள். ஒரு பயனருக்கு அமேசான் ஒரே நேரத்தில் இரண்டு சாவிகள் தருவது மாற்றுவதற்கு வசதியாகத்தான். இரண்டாவதை உருவாக்குங்கள், நிரலில் மாற்றுங்கள், முதலாவதைச் செயலிழக்கச் செய்யுங்கள். ஒரு வாரம் எதுவும் உடையவில்லை என்றால் அழியுங்கள். நேரே அழித்துவிட்டு, மாதம் ஒரு முறை ஓடும் சம்பளக் கணக்கு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

சாவி தவறுதலாக வெளியே போய்விட்டது. கை நடுங்குகிறது. முதலில் என்ன செய்ய?

மூச்சு விடுங்கள். சாவியைச் செயலிழக்கச் செய்யுங்கள். கிட்ஹப்பிலிருந்து அந்த வரியை நீக்குவது இரண்டாவது வேலை. நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது கிடக்கும். பொதுவெளியில் விழும் சாவிகளை எடுப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாகத் துழாவிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து, அந்தச் சாவி என்னென்ன செய்திருக்கிறது என்று பதிவேட்டில் பாருங்கள். புதிய பயனர், புதிய சாவி, புதிய ரோல் ஏதாவது முளைத்திருக்கிறதா? கிளவுட் நிறுவனத்தின் கணினிகள் இருக்கும் வட்டாரத்துக்குப் பிராந்தியம் என்று பெயர். மும்பையை மட்டும் பயன்படுத்துபவர்கள் மற்ற பிராந்தியங்களையும் திறந்து பார்க்க வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்ட வருபவர்கள் நீங்கள் எட்டிப் பார்க்காத பிராந்தியத்தில்தான் இயந்திரங்களை ஓட்டுவார்கள். பயன்படுத்தாத பிராந்தியங்களை மறுப்புக் கொள்கையால் முன்கூட்டியே அடைத்துவைப்பது நல்லது.

பலரும் தவறவிடுவது ஒன்று. திருடியவர் அந்தச் சாவியைக் கொண்டு ரோலை மாட்டித் தற்காலிகச் சாவி பெற்றிருந்தால், மூலச் சாவியை முடக்கிய பிறகும் அது தன் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும். இந்த நேரத்துக்கு முன் வழங்கப்பட்டவை எதுவும் செல்லாது என்று அந்த ரோலில் ஒரு மறுப்பைச் சேர்க்க வேண்டும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகச் சுவரில் இதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

தவறு செய்த பிள்ளையைத் திட்டாதீர்கள். அடுத்த முறை சாவி போனால் அவர் பயந்து மறைத்துவிடுவார். மறைக்கப்பட்ட இரண்டு மணி நேரத்தில் பெரும் நட்டம் வந்துவிடும்.

ஒருவருக்கு நிர்வாகி அனுமதி தரவில்லை. அனுமதிகளை மாற்றும் உரிமையை மட்டும் கொடுத்தேன். அது சிறிய உரிமைதானே?

அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கொள்கையைத் திருத்த முடிந்தவர் தமக்கே எதையும் எழுதிக்கொள்ளலாம். பாஸ்ரோல் என்ற அனுமதியும் அப்படித்தான். வலுவான ரோலை ஓர் இயந்திரத்துக்கு மாட்டிவிட்டு, அந்த இயந்திரத்துக்குள் நுழைந்து அதன் பலத்தில் வேலை செய்துவிடலாம். சாவிக்கொத்தைத் தராமல் சாவி வெட்டும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்ட கதை. அமேசானில் அனுமதி எல்லை என்ற ஏற்பாடு உண்டு. ஒருவர் தமக்கு எவ்வளவு எழுதிக்கொண்டாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அனுமதி கொடுக்கும் உரிமையைப் பகிர வேண்டியிருந்தால் இந்த எல்லையோடு சேர்த்துக் கொடுங்கள். அந்த எல்லையை நீக்கும் உரிமையும் அவரிடம் இருக்கக்கூடாது என்பதைக் கவனியுங்கள்.

அலுவலக இணைய இணைப்பின் ஐபி முகவரியில் இருந்து மட்டும் நுழைய முடியும்படி வைக்கலாமா?

நிலையான முகவரி வாங்கியிருந்தால் வையுங்கள். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

சோதனைக்கும் உண்மைப் பயன்பாட்டுக்கும் ஒரே கணக்கு போதாதா?

போதாது. நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. சிஇஆர்டி-இன் அதைக் கவனித்தது செப்டம்பர் 4 அன்று. நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி அது. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கழகம் தெரிவித்தது. இங்கே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிய நாட்கள் அவை. இரண்டு வலையமைப்பும் ஒன்றாக இருந்திருந்தால் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

நம்முடையது சின்ன அளவு. இருந்தாலும் சோதனைக் கணக்கில் சாவி கசிந்தால் வாடிக்கையாளர் தரவுக்குப் பாதை இருக்கக்கூடாது.

எங்கள் ஏபிஐயை விவசாயிகள் கைப்பேசிச் செயலி வழியாகப் பயன்படுத்துகிறார்கள். ஏபிஐ சாவி கொடுத்திருக்கிறோம். போதுமா?

ஏபிஐ சாவி எந்தச் செயலி அழைக்கிறது என்று சொல்லும். எந்த ஆள் என்று சொல்லாது. செயலிக்குள் வைத்த சாவியை வெளியே எடுப்பதும் எளிது. ஆளுக்கு ஏற்ற அனுமதி வேண்டும் என்றால், 2012 இல் வகுக்கப்பட்ட ஓஆத் 2.0 முறையில் டோக்கன் கொடுங்கள். அதில் எதுவரை செல்லலாம் என்ற வரம்பையும் எழுதலாம்: அளவீட்டைப் படிக்கலாம், கருவியின் அமைப்பை மாற்ற முடியாது என்பதுபோல.

அதோடு நிற்காதீர்கள். உள்ளே நுழைந்த விவசாயியின் வயல் எண் 214 என்று வைத்துக்கொள்வோம். முகவரியில் 214 ஐ 215 ஆக மாற்றினால் பக்கத்து வயலின் விவரம் வருகிறதா? வந்தால் உங்கள் கதவு திறந்தே கிடக்கிறது. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2019 இலும் 2023 இலும் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியல்களில் முதலிடம் இதற்குத்தான். கிளவுட் கொள்கை இதைத் தடுக்காது. ஒவ்வோர் அழைப்பிலும், கேட்பவருக்கு இந்த வயல் உரியதுதானா என்று உங்கள் நிரலே சரிபார்க்க வேண்டும். எந்த வயலில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்பது ஊருக்குள் சண்டை மூட்டக்கூடிய தகவல். அதை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

2023 ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பதிவேட்டை எவ்வளவு காலம் வைக்க வேண்டும்?

முன்பு சொன்ன சிஇஆர்டி-இன் உத்தரவு 180 நாள் என்கிறது. அமேசானின் பதிவேட்டுச் சேவையான கிளவுட்ட்ரெயில், நாம் எதுவும் செய்யாமல் காட்டும் நிகழ்வு வரலாறு 90 நாள் மட்டுமே. சேமிப்பகத்துக்குத் தனியே பதிவை அனுப்பும்படி அமைத்தால்தான் மீதி கிடைக்கும். கூகுளில் நிர்வாகச் செயல்களின் பதிவு 400 நாள் இருக்கும். ஆனால் யார் எந்தத் தரவைப் படித்தார் என்ற பதிவு பெரும்பாலான சேவைகளில் இயல்பாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும். பதிவேடு இருக்கும் சேமிப்பகத்தில் அழிக்கும் அனுமதி, அன்றாடம் வேலை செய்யும் எவருக்கும் இருக்க வேண்டாம்.

காற்றுக்காலத்துக்கு மட்டும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு எப்படி?

செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் தென்மேற்குக் காற்று புகுந்து அடிக்கும் மாதங்களில் காற்றாலைகளுக்குக் கூடுதல் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். காற்று ஓய்ந்ததும் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள், அனுமதி மட்டும் திரும்புவதில்லை. ஒரு கணக்கை நான் கையில் வாங்கியபோது, மூன்று காற்றுக்காலங்களுக்கு முன் வந்துபோன பதினொரு பேர் இன்னும் பயனர்களாக இருந்தார்கள்.

கொடுக்கும்போதே முடியும் நாளையும் எழுதுங்கள். கூகுளில் அனுமதியோடு காலாவதி நிபந்தனை சேர்க்கலாம். அமேசானில் தேதியை நிபந்தனையாக வைக்கலாம். அஸூரில், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கேட்டுப் பெறும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு உயர்நிலை உரிமம் வேண்டும். எதுவும் இயலாவிட்டால் ஒரு நோட்டில் பெயர், காரணம், முடியும் நாள் மூன்றையும் எழுதி மேசைமேல் வையுங்கள். நோட்டு நன்றாகவே வேலை செய்யும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது?

மூன்று மாதம். அமேசானில் ஒவ்வொருவரும் எந்தச் சேவையைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று பார்க்க முடியும். 400 நாள் வரலாறு வரை கிடைக்கும். ஆறு மாதமாகத் தொடாததை எடுத்துவிட்டு உரியவருக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் எடுத்தால்தான் மனத்தாங்கல்.

எங்கள் அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். 'என் கடையில் எனக்கே அனுமதி இல்லையா' என்கிறார். எப்படிப் பேசுவது?

அல்வாக் கடைக்காரரும் என்னிடம் இதையே கேட்டார். கணக்கைத் தொடங்கியவர் அவர், பணம் கட்டுபவர் அவர், கோபம் நியாயமானது. நான் விதியை எடுத்துச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, கிண்டும் இடத்தில் கோதுமைப் பால் பதம் பார்க்க எத்தனை பேரை விடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒருவரைத்தான்" என்றார். "கல்லாவில்?" "நான் மட்டும்." "பதம் பார்ப்பவரைக் கல்லாவில் உட்கார வைக்காதது அவர்மேல் நம்பிக்கை இல்லாமலா?" சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அவருக்கு இரண்டு நுழைவு கொடுத்தேன். ஒன்றில் கட்டணமும் விற்பனை அறிக்கையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. அதைத் தினமும் காலையில் பார்க்கிறார். இன்னொன்று நிர்வாகி, அதற்கு உரிய வன்பொருள் சாவி அவர் பீரோவில் இருக்கிறது. உரிமையில் எள்ளளவும் குறையவில்லை. அவருடைய கைப்பேசியைப் பேரன் எடுத்து விளையாடினாலும் இப்போது கவலை இல்லை.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?

பயனர், குழு, ரோல், கொள்கை ஆகியவற்றை அமைப்பதற்கு அமேசான் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. பதிவேட்டைச் சேமிக்கும் இடத்துக்கும் வன்பொருள் சாவிக்கும்தான் செலவு. நேரம்தான் பெரிய செலவு. முதல் அரை நாளில் ரூட் கணக்கின் ஏபிஐ சாவியை அழித்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இரண்டு சாதனங்களில் வைத்து, ஐந்து பேருக்கும் தனிப் பெயர் உருவாக்கிவிடலாம். பழைய பொதுச் சாவியை அன்று மாலையே செயலிழக்கச் செய்யுங்கள். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு நிரல் 403 என்று கத்தும். எங்கே கத்துகிறது என்று போய்ப் பாருங்கள். அங்கிருந்து அடுத்த வேலை தொடங்குகிறது.